விற்ற வீட்டில் வாடகைக் குடி

ஒருவன் தன் வீட்டை விற்கிறான். விற்ற கையோடு, வாங்கியவனிடமே அதை வாடகைக்கு எடுத்து அதிற் குடியிருக்கிறான். கூரை ஒழுகினால் திருத்துவதும், சுவர் வெடித்தாற் பூசுவதும், அறை வெறுமையாய்க் கிடந்தாலும் வாடகை இறுப்பதும் தன் பொறுப்பே என்று உறுதியில் எழுதிக் கொடுக்கிறான். 28 ஆண்டு கழிந்த பின்னர், விற்ற விலையின் மூன்றரை மடங்கிற்கு மேற் கொடுத்து, எஞ்சிக் கிடக்கும் மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப வாங்குகிறான். நம்மூர்க் கமக்காரன் ஒருவன் இவ்வாறு செய்திருப்பின், அவன் சித்தசுவாதீனம் இழந்தவன் என்று சுற்றத்தார் நீதிமன்றம் ஏறியிருப்பர். செய்தது கமக்காரன் அன்று, பிரித்தானியப் பாதுகாப்பமைச்சு.

1996ஆம் ஆண்டு நவம்பர் 5ஆம் நாள், படைவீரர் குடும்பங்கள் வாழ்ந்த ஏறத்தாழ 57,400 வீடுகளை அவ்வமைச்சு அனிங்ரன் என்னும் கம்பனிக்கு 999 ஆண்டுக் குத்தகையாகக் கொடுத்தது. 999 ஆண்டென்பது விற்பனைக்கு இட்ட வேறு பெயர். கிடைத்த விலை 167 கோடி பவுண். அதே நாளில் அவ்வீடுகளை 200 ஆண்டுக்குத் திரும்ப வாடகைக்கு எடுத்துக்கொண்டது. 2024ஆம் ஆண்டு டிசெம்பரில், அவற்றுள் எஞ்சிய 36,347 வீடுகளை 599 கோடி பவுணுக்கு மீள வாங்க இணங்கியது. இதனால் ஆண்டொன்றுக்கு 23 கோடி பவுண் வாடகை மிச்சமாகும் என்று அரசாங்கமே அறிவித்தது. மிச்சமாகும் என்று மகிழ்ந்து அறிவித்த அத்தொகை, முன்னர் எத்தனை ஆண்டு வெளியே போய்க்கொண்டிருந்தது என்பதை வாசகர் தாமே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

படை நிலையங்களைத் தனியாரிடம் ஒப்படைப்பது நன்றா தீதா என்னும் வாதம் பழையது. அவ்வாதத்தில் இரு தரப்பும் கட்சிக் கொடியைப் பார்த்துப் பேசுகின்றனவேயன்றி உறுதிப் பத்திரத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. நாமோ பத்திரத்தைப் பார்க்கச் சொல்கின்றோம். ஒரே ஆலை, ஒரே வீடு, ஒரே துறைமுகம் ஓர் ஒப்பந்தத்தில் இலாபமாகவும் இன்னோர் ஒப்பந்தத்திற் பெருநட்டமாகவும் முடிவதை உலகம் கண்டிருக்கின்றது. திருகோணமலையை மடியில் வைத்திருக்கும் மக்களுக்கு இது அயலார் கதையுமன்று.

ஒப்பந்த வகைகள் என்றதும் இது பொருளியல் நிபுணரின் மறைபொருள் என்று கமக்காரர் ஒதுங்க வேண்டியதில்லை. குத்தகை, வாரம், கூலி என்னும் மூன்றையும் அறிந்தவர்க்கு இதிற் புதிதாகக் கற்கவேண்டியது சிறிதே. வயலைக் குத்தகைக்கு விட்டால், விளைந்தாலும் விளையாவிட்டாலும் பேசியது வந்து சேரும். குத்தகைக்காரனும் ஊக்கத்தோடு பாடுபடுவான். ஆனால் கடைசிப் போகத்தில் அவன் எருப் போடமாட்டான், வரம்பையும் கட்டமாட்டான். வாரத்துக்கு விட்டால் மழையின் கெடுதியும் நன்மையும் இருவர்க்கும் பொது. ஆனால் சூடு மிதிக்கும் களத்திற் காவல் இருக்கவேண்டும். கூலிக்கு வைத்தால் விளைவெல்லாம் நமதே. நாள் நீளுவதும் நமது செலவிலேயே.

கிணறு வெட்டுவதை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல்லிற் கிணறு வெட்டுவிப்பவர், எத்தனை முழத்தில் தண்ணீர் ஊறும், இடையிற் பாறை எவ்வளவு என்பதை முன்னறியார். முழுக் கிணற்றுக்கும் ஒரே விலை பேசினால், வெட்டுபவன் அச்சத்தின் விலையையும் அதிற் சேர்த்துக் கேட்பான். அல்லது பாதியிற் போட்டுவிட்டுப் போவான். செலவு முழுவதையும் தந்து அதன்மேல் நூற்றுக்கு இத்தனை இலாபம் என்று பேசினாலோ, பாறை குறைவாயிருப்பதில் அவனுக்கு ஆதாயமே இல்லை. செலவு ஏற ஏற அவன் இலாபமும் ஏறும். முதலாம் உலகப் போர்க் காலத்திற் பாசறைகள் கட்டுவித்த அநுபவத்தின் பின், இந்த வகை ஒப்பந்தத்தை ஐக்கிய அமெரிக்கா சட்டத்தாலே தடை செய்தது. இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியிலும் அத்தடை நின்றது, இன்றும் நிற்கின்றது. செலவைத் தந்து, இலாபத்தை மட்டும் மாறாத் தொகையாக முன்கூட்டியே வரையறுப்பதே அங்கு வழக்காயிற்று. அறிந்த வேலைக்கு நிலைத்த விலை. அறியாத வேலைக்குச் செலவும் வரையறுத்த ஊதியமும். ஆண்டுதோறும் ஒரே அளவிற் செய்யப்படும் புல்வெட்டுக்கும் சமையலுக்கும் முன்னது பொருந்தும். அகழாத கிணற்றுக்கும் கட்டாத கப்பலுக்கும் பின்னது பொருந்தும்.

இனி, இலண்டனில் நிகழ்ந்த பிழை எது? விற்றது மட்டுமே பிழையென்று சொல்லமாட்டோம். அக்காலத்தில் அமைச்சின் கையில் ஆயிரக்கணக்கான வீடுகள் வெறுமையாய்க் கிடந்தன, பழுதும் மிகுந்திருந்தது. காசு தேவைப்பட்டது. தேவைப்பட்டவன் விற்கலாம். ஆனால் விற்பவன் பொருளோடு பொறுப்பையும் கைமாற்ற வேண்டுமன்றோ! இங்கே பொருள் கைமாறிற்று. பொறுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது. பழுதுபார்க்கும் செலவு அமைச்சினுடையது. ஆளில்லாத வீட்டின் வாடகையும் அமைச்சினுடையது. அதற்கீடாகச் சந்தை வாடகையில் 58 வீதம் கழித்துத் தரப்பட்டது. கழிவைக் கண்டு மகிழ்ந்தவர்கள், நிலத்தின் விலை ஏறினால் அந்த ஏற்றம் யாருக்கு என்ற கேள்வியைப் பத்திரத்திற் போதிய அளவு எழுதவில்லை. நிலத்தின் விலையோ ஏறிக்கொண்டே போயிற்று. 2012இல் அந்தக் கம்பனி 320 கோடி பவுணுக்குக் கைமாறியது. விற்றதற்குப் பதிலாக வைத்திருந்தால் இருந்திருக்கும் நிலையோடு ஒப்பிட்ட தேசிய கணக்காய்வு அலுவலகம், 220 கோடி முதல் 420 கோடி பவுண் வரை பொதுமக்களுக்கு நட்டம் என்று 2018 ஜனவரியிற் கணித்தது.

இதனிலும் நுட்பமான ஒரு கேடு அப்பத்திரத்தில் ஒளிந்திருந்தது. அதை நம் வாசகருள் கணக்காளரும் பொறியியலாளரும் சிறப்பாகக் கவனித்தல் வேண்டும். வேண்டாத வீட்டைக் கம்பனியிடம் திருப்பிக் கொடுக்க அமைச்சுக்கு உரிமை உண்டு. ஆனால் திருத்திச் செப்பனிட்டே கொடுக்க வேண்டும். திருத்தக் காசு இல்லாத அமைச்சு என்ன செய்யும்? வெறும் வீட்டுக்கு வாடகை கொடுத்துக்கொண்டே இருக்கும். கணக்காய்வு நடந்த காலத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு வீடு ஆளின்றிக் கிடந்தது. ஒருவரும் களவு செய்யவில்லை. ஒருவரும் பொய் சொல்லவில்லை. வாசகத்தின் அமைப்பே அவ்வாறு நடக்கத் தூண்டிற்று. தூண்டுதல் என்றாற் கையிற் கொடுக்கும் வெகுமதி மட்டுமே என்று எண்ணுவோர் இந்த ஐந்தில் ஒரு வீட்டைச் சென்று பார்க்கக் கடவர்.

வெகுமதி கொடுத்துத் தூண்டியவர் கதையும் உண்டு. அது அமெரிக்கக் கதை.

1996இலேயே ஐக்கிய அமெரிக்காவும் தன் படைவீரர் வீடுகளைத் தனியாரிடம் விடும் சட்டத்தை இயற்றியது. வீடுகள் பாழடைந்திருந்தன, அரசு தானே திருத்துவதாயின் 30 ஆண்டளவு செல்லும் என்று கணித்தனர். ஆகவே நிலத்தை 50 ஆண்டுக் குத்தகைக்கும் வீடுகளை உரித்தாகவும் கம்பனிகளிடம் கொடுத்தனர். படைவீரனுக்கு அரசு தரும் வீட்டுப்படி நேரே கம்பனியைச் சேரும். இந்த ஏற்பாட்டினால் புதிய வீடுகள் பல எழுந்தன என்பதை மறைப்பது நேர்மையன்று. அரசின் காசில் அவ்வளவு விரைவாக அவை எழுந்திருக்கமாட்டா. உள்நாட்டிலுள்ள குடும்ப வீடுகளுள் ஏறத்தாழ எல்லாமே இம்முறையின்கீழ் வந்தன.

கம்பனி சோம்பிவிடாதிருக்க, குறித்த காலத்துக்கொருமுறை அதன் வேலையை அளந்து ஊக்கத் தொகை கொடுப்பதென்று ஒப்பந்தத்தில் எழுதினர். எதை அளப்பது? பழுது என்று முறையிட்டால் எவ்வளவு விரைவில் ஆள் வருகிறான் என்பதையும், குடியிருப்போர் திருப்தி அட்டையில் என்ன எழுதுகின்றனர் என்பதையும் போன்றவற்றை. விரைவாக வந்தானா என்று அளந்தனரேயன்றி, வந்தவன் ஒழுக்கை அடைத்தானா என்று அளக்கவில்லை. வீட்டின் உண்மை நிலையை இந்த அளவுகோல்கள் காட்டவில்லை என்பதை அமெரிக்கக் காங்கிரசின் கணக்காய்வு அலுவலகம் 2020இல் வெளிப்படுத்தியது. அதற்கும் மேலாக, அளக்கும் ஏடு யார் கையில் இருந்தது? ஊக்கத் தொகை பெறும் கம்பனியின் கையிலேயே!

நடக்கவேண்டியது நடந்தது. பல்போர் பீட்டி கொம்மியூனிற்றீஸ் என்னும் கம்பனி 2013 முதல் 2019 வரை பழுதுபார்த்தற் பதிவுகளைத் திரித்தும், குடியிருப்போர் எழுதிய அட்டைகளை அழித்தும் மாற்றியும் ஊக்கத் தொகை பெற்றது. 2021 டிசெம்பரில் நீதிமன்றத்தில் அக்குற்றத்தை ஒப்புக்கொண்டு, தண்டமும் இழப்பீடுமாக ஏறத்தாழ 6 கோடி 50 இலட்சம் டொலர் செலுத்த நேர்ந்தது. வாரக்குடியே நெல்லை அளந்து, வாரக்குடியே கணக்கெழுதி, கணக்கிற் கூடுதலாகக் காட்டினால் நிலக்காரனே மேலும் பரிசு தருவான் என்றொரு களம் நம் நாட்டில் எங்கேனும் உண்டா? உலகத்திற் செல்வம் மிகுந்த நாட்டின் சட்ட நிபுணர் பலர் கூடியிருந்து அப்படி ஒரு களத்தை அமைத்தனர்.

குடியிருந்த பெண்களும் பிள்ளைகளும் பட்ட பாட்டையும் சொல்லவேண்டும். சுவரிற் பூஞ்சணம் படர்ந்தது; ஈயம் கலந்த பழைய வர்ணம் உதிர்ந்தது; பிள்ளைகள் நோயுற்றனர். சாதாரண வாடகைக் குடியாயின் கூரையைத் திருத்தும் வரை வாடகையை நிறுத்தி வைப்பான். இவர்களின் வாடகையோ கைக்கு வராமலே கம்பனிக்குப் போயிற்று. நிறுத்தி வைக்க அவர்கள் கையில் ஒன்றுமில்லை. 2018இலும் 2019இலும் பத்திரிகைகள் இதை வெளியிட்டு, செனற் சபை விசாரித்த பின்னரே, 2019 டிசெம்பரிற் குடியிருப்போர் உரிமைகள் சட்டத்திற் சேர்க்கப்பட்டன. பிணக்குத் தீரும் வரை வாடகையைத் தடுத்து வைக்கும் வழியும் பிறந்தது. அதன் பின்னும் குறை முற்றாகத் தீரவில்லை. மேற்சொன்ன கம்பனி குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகு, 2022 ஏப்ரிலில் செனற் சபையின் விசாரணைக் குழுவொன்று வெளியிட்ட அறிக்கை, ஜோர்ஜியாவிலுள்ள போர்ட் கோர்டன் போன்ற நிலையங்களில் முறைகேடு தொடர்ந்ததைக் காட்டிற்று. குற்றவாளியென்று தெரிந்த பின்னும் அக்கம்பனியை ஏன் வெளியேற்றவில்லை என்று கேட்பீர்கள். 50 ஆண்டுக் குத்தகை. அக்குத்தகையை நம்பிக் கடன் கொடுத்தோர் ஒருபுறம். வீடுகளின் உரித்தே கம்பனியிடம். வெளியேற்றுவது சொல்லுவது போல் எளிதன்று.

இவ்விடத்திற் பிரித்தானியாவின் இன்னோர் ஒப்பந்தத்தை அருகில் வைத்துப் பார்த்தல் தகும். ஆல்டர்மாஸ்டனில் உள்ள அணுவாயுத நிறுவகத்தை 1993 முதல் தனியார் நடத்தினர். 2000இல் புதிய கூட்டுக் கம்பனியொன்று அதைப் பொறுப்பேற்றது. நிலமும் ஆலையும் பொறிகளும் எப்பொழுதும் அரசின் உடைமையாகவே இருந்தன. நடத்தும் உரிமை மட்டுமே தனியாருடையது. நடத்தும் முறையை மாற்ற அரசு எண்ணியபோது, 2020 நவம்பரில் அறிவித்தது. 2021 ஜூலை 1ஆம் நாள் மீண்டும் தன் கையில் எடுத்துக்கொண்டது. அணுகுண்டு செய்யும் ஆலையைத் திரும்பப் பெற எட்டு மாதம் போதியதாயிற்று. படுக்கையறை இரண்டுள்ள வீடுகளைத் திரும்பப் பெற 28 ஆண்டும் 599 கோடி பவுணும், இடையில் உயர் நீதிமன்றத்தில் வழக்கும் தேவைப்பட்டன. அந்த வழக்கும் ஒப்பந்தத்தின் வலிமையால் வெல்லப்பட்டதன்று. சாதாரண குத்தகைக் குடிகள் தம் வீட்டின் நிலத்தை வாங்கிக்கொள்வதற்கென 1967இல் இயற்றப்பட்ட சட்டமொன்றை அமைச்சு துணைக்கு அழைத்தது. 2023 மே மாதத்தில் நீதிமன்றம் அதை ஏற்றது. பேரம் படிந்தது அதன் பின்னரே. அரசாங்கம் தான் எழுதிய பத்திரத்திலிருந்து மீளுவதற்கு ஏழைக் குடியானவனின் சட்டத்தைக் கடன் வாங்கிற்று!

உடைமையை வைத்துக்கொண்டு நடத்தும் வேலையை மட்டும் கொடுப்பது, காலம் குறுகியதாக வகுப்பது, அளக்கும் கோலைக் கூலி பெறுவோன் கையிற் கொடாதிருப்பது, விலையேற்றத்திற் பங்கு கேட்பது, வெளியேறும் வாயிலைப் புகும்போதே கட்டிவைப்பது ஆகிய இவையே எம் கருத்து. இதற்கு மறுப்பும் உண்டு. குறுகிய காலத்துக்கு வருபவன் பெருமுதல் இடமாட்டான். கடைசிப் போகத்துக் குத்தகைக்காரனைப் போல வரம்பைக் கட்டாமற் போவான். உண்மையே. முதல் வேண்டுமானாற் காலம் நீளத்தான் வேண்டும். அப்போது இன்ன ஆண்டுக்குள் இன்னது கட்டப்படாவிடின் குத்தகை தானே முறியும் என்னும் வாசகமும் நீளமாக இருக்கட்டும்.

திருகோணமலைக்கு வருவோம். சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்கள் பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்டவை. 1942 ஏப்ரிலில் ஜப்பானிய வானூர்தி விழுந்து அழிந்த குதத்தின் அடையாளம் இன்றும் அங்குண்டு. 1957இல் கடற்படைத் தளம் நம் நாட்டிடம் கையளிக்கப்பட்டது. 1987 இலங்கை-இந்திய உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில், இக்குதங்களை இரு நாடும் கூட்டாகப் புதுப்பித்து நடத்துவது பற்றிய வாசகம் இடம் பெற்றது. 2003இல் லங்கா ஐஓசி கம்பனி உள்ளே வந்தது. அப்போது கைச்சாத்தான உடன்படிக்கையின்படி எழுதப்பட வேண்டிய முறையான குத்தகை உறுதி எழுதப்படாமலே ஆண்டுகள் உருண்டன. கீழ்த் தொகுதியிலுள்ள குதங்கள் பயன்பட்டன. பெரும்பாலானவை அடங்கிய மேற்றொகுதி காடு மண்டிக் கிடந்தது. கமக்காரன் பத்துப் பரப்புத் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுத்தாலும் நொத்தாரிசிடம் போவான். 99 குதங்களுக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

2022 ஜனவரியிற் புதிய பங்கீடு உண்டாயிற்று. 14 குதங்கள் லங்கா ஐஓசியிடம். 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம். எஞ்சிய 61 குதங்கள், கூட்டுத்தாபனம் 51 வீதமும் ஐஓசி 49 வீதமும் கொண்ட கூட்டுக் கம்பனியிடம். காலம் 50 ஆண்டு. 51 வீதம் நமதென்று கொழும்பிற் பெருமிதப்பட்டனர். பங்கு எண்ணிக்கையைப் பற்றி எமக்கு அவ்வளவு கவலையில்லை. 61 குதங்களும் எந்த ஆண்டுக்குள் புதுப்பிக்கப்பட வேண்டும்? புதுப்பிக்கப்படாவிடின் எது நிகழும்? வருமானக் கணக்கை எழுதுபவர் யார், சோதிப்பவர் யார்? துறைமுகத்தின் மதிப்பு உயர்ந்தால் அவ்வுயர்விற் கிழக்கு மாகாணத்துக்கு ஒரு சதமேனும் உண்டா? 2025 ஏப்ரிலில் இலங்கை, இந்தியா, ஐக்கிய அரபு அமீரகம் ஆகிய மூன்றும் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கப் புரிந்துணர்வுப் பத்திரம் எழுதியுள்ளமையால், இக்கேள்விகளைக் கேட்கவேண்டிய காலம் கடந்துவிடவில்லை. நம் பாராளுமன்ற உறுப்பினர் அடுத்த அமர்வில் எழுந்து நின்று கேட்க வேண்டியவை இவை. பேருரை வேண்டியதில்லை, நான்கு வினா போதும்.

இன்னொன்று. வலிகாமம் வடக்கில் 1990 முதல் படையினர் வசம் இருந்துவரும் காணிகளிற் பல விடுவிக்கப்பட்டன. இன்னமும் முழுவதும் விடுவிக்கப்படவில்லை. படை தங்கியிருக்கும் நிலமெல்லாம் படையின் நிலமன்று. நாளை ஏதேனும் ஒரு முகாம் வேண்டாதது என்று கண்டு, அதை விடுதிக்கோ பண்ணைக்கோ தனியார் கம்பனியிடம் ஒப்படைக்கும் எண்ணம் யாருக்கேனும் பிறக்குமாயின், அந்த ஒப்பந்தம் நிலைத்த விலையா, வாரமா, ஊக்கத் தொகை எவ்வளவு என்ற கேள்விகளுக்கு முன்னே வேறொரு கேள்வி நிற்கின்றது: கொடுப்பவருக்கு அந்நிலத்தில் உரித்து உண்டா? கம்பனியின் பெயரில் 50 ஆண்டுக் குத்தகை எழுதியாகிவிட்டால், தோம்பிலும் உறுதியிலும் தன் பெயரை வைத்திருக்கும் கமக்காரன் இனி அரசாங்கத்தோடு மட்டுமன்றி, விலை கொடுத்தேன் என்று சொல்லும் மூன்றாமவனோடும் வழக்காட வேண்டிவரும். ஆதலால் அப்பகுதிக் காணிக்காரர் தம் உறுதிகளின் பிரதிகளை இப்பொழுதே எடுத்து, காணிப் பதிவகத்தில் தம் பெயர் உள்ளவாறே இருக்கின்றதா என்று பார்த்துக் கொள்வார்களாக. பிரதி எடுக்க வசதியற்ற முதியோருக்கும், பிற நாடுகளில் வாழும் பிள்ளைகளின் பெயரில் எழுதப்பட்ட உறுதிகளை வைத்திருப்போருக்கும், நம் சட்டத்தரணிகள் மாதத்தில் ஒரு சனிக்கிழமையை ஊதியமின்றி ஒதுக்கித் தரவேண்டுமென்று கேட்டுக்கொள்கின்றோம்.